பாலம் எழுந்தது, நாடு எழுந்ததா?



போஸ்னியா என்ற பெயரை நம் இல்லங்களில் மூத்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1992 முதல் 1995 வரை அந்நாட்டு முஸ்லிம்கள் பட்ட துயரங்களைப் பத்திரிகைகளில் படித்துப் படித்து நாம் கண்ணீர் வடித்தோம். தொழுகைக்குப் பின் கையேந்தியபோதெல்லாம் அந்தப் பெயர் நம் நாவில் வந்தது. "உலகம் ஏன் வேடிக்கை பார்க்கிறது? ஏன் ஒருவரும் வரவில்லை?" என்பதே அன்று நம் கேள்வி. பத்தாண்டுகள்கூட நிறையவில்லை, 2001இல் ஆப்கானிஸ்தானிலும் 2003இல் இராக்கிலும் அந்நியப் படைகள் நுழைந்தபோது, "இவர்கள் ஏன் வந்தார்கள்?" என்று அதே நாவினால் கேட்டோம்.

இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாட்டைச் சுற்றிவர வேண்டுமெனில், அதற்கு போஸ்னியாவை விடப் பொருத்தமான நாடு வேறில்லை. வெளியார் வராததனால் விளைந்ததும், வந்ததனால் விளைந்ததும், வந்தவர் போகாததனால் விளைந்ததும் அங்கே ஒரே மண்ணில் காணக் கிடைக்கின்றன. வாருங்கள், சென்று பார்ப்போம்.

தலைநகர் சரயேவோவில் விமானம் இறங்கும்போதே சாளரத்தின் வழியே நன்றாகக் கவனியுங்கள். சுற்றிலும் மலைகள், நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல் நகரம். அந்த மலைகளின் மீதுதான் செர்பியப் படையினரின் பீரங்கிகள் நின்றன. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி இறுதியில்தான் முடிந்தது. மொத்தம் 1,425 நாட்கள்! நம் சக்கரங்கள் தொட்டு ஓடும் இந்த ஓடுபாதை அக்காலத்தில் ஐ.நா. படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. நிவாரணப் பொருட்கள் இறங்குவதற்காக இருதரப்பினருடனும் செய்துகொண்ட உடன்பாடு அது. அதன்படி, முற்றுகையிலிருந்து தப்ப எண்ணி ஓடுபாதையைக் குறுக்கே கடக்க முயன்ற நகரவாசிகளை ஐ.நா. வீரர்களே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கடந்து ஓடியவர்களில் பலர் குண்டடிபட்டு மாண்டார்கள்.

எனவே அவ்வூர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே செல்ல வழியில்லை என்றானதும் கீழே தோண்டினார்கள். 1993ஆம் ஆண்டு நான்கே மாதங்களில், ஓடுபாதைக்கு அடியிலேயே ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்க வழி உருவாயிற்று. அதன் மறுமுனை புத்மீர் என்ற புறநகரில் ஒரு சாதாரண வீட்டில் திறந்தது. மாவும் மருந்தும் எண்ணெயும், ஆம், துப்பாக்கிகளும் அவ்வழியே வந்தன. காயம்பட்டவர்கள் அவ்வழியே வெளியேறினார்கள். இன்று அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. சுரங்கத்தின் ஒரு சிறு பகுதிக்குள் நீங்களும் நடந்து பார்க்கலாம். உயரம் போதாது, தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். மேலே உலகத்தின் உதவி விமானங்கள். கீழே தம் கையே தமக்குதவி என்று மண்ணைச் சுமந்த மனிதர்கள். போஸ்னியாவின் முழு வரலாற்றையும் இந்த ஓர் இடத்திலேயே படித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நகரின் பழைய கடைவீதிக்குப் பெயர் பாஷ்சார்ஷியா. அதன் நடுவே மரத்தாலான அழகிய நீரூற்று மண்டபம் ஒன்று நிற்கிறது. அதை 'ஸெபில்' என்கிறார்கள். நம் 'ஸபீல்' என்ற அரபுச் சொல்லேதான். செம்புப் பாத்திரம் செய்வோர் தெருவில் சிறு சுத்தியல்களின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். காபி காய்ச்சும் கைப்பிடிக் கிண்ணங்களோடு, பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளில் பூ வேலைப்பாடு செய்த ஜாடிகளையும் அங்கு விற்கிறார்கள். தம்மேல் விழுந்ததைச் செதுக்கித் தம் பிழைப்புக்கு வழி செய்துகொண்டவர்கள் அவர்கள்.

சற்றுத் தள்ளி, காஸி குஸ்ரவ் பேக் பள்ளிவாசல். ஹிஜ்ரி 937இல் (1530–31) எழுந்தது. சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள் வயிற்றுப் பேரரான குஸ்ரவ் பேக், போஸ்னியாவின் ஆளுநராக இருந்தபோது தம் செல்வத்தையெல்லாம் வக்ஃபு செய்து பள்ளிவாசல், மத்ரஸா, நூலகம், ஏழைகளுக்கான உணவுக் கூடம், குளியல் மண்டபம் அனைத்தையும் அமைத்தார். பக்கத்திலுள்ள மணிக்கூண்டை உற்றுப் பாருங்கள். உங்கள் கைக்கடிகாரத்தோடு அது ஒத்துப்போகாது. சூரியன் மறைந்து மஃரிப் நேரம் வரும்போது அது பன்னிரண்டு காட்டும்! தொழுகை நேரத்தை ஒட்டிய அந்தப் பழைய கணக்கைத் தவறாமல் திருத்தி வைப்பதற்கென்றே அங்கு ஒருவர் இருக்கிறார். இந்தப் பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் கத்தோலிக்கப் பேராலயமும் யூதர்களின் பழைய தொழுகைக் கூடமும் இருக்கின்றன. இவை நான்கும் நெடுங்காலம் ஒன்றையொன்று இடிக்காமல்தான் நின்றன.

போரில் இப்பள்ளிவாசலும் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. போர் ஓய்ந்ததும் சவூதி அரேபியாவின் உதவியோடு பழுது பார்க்கப்பட்டது. உதவிய கரங்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் அந்தச் சீரமைப்பில் உட்சுவர்களிலிருந்த உதுமானியக் காலத்து வண்ண வேலைப்பாடுகள் அகற்றப்பட்டு வெள்ளை பூசப்பட்டது. அவ்வூர் மக்களுக்கு அது மனவருத்தத்தைத் தந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் தங்கள் கலைஞரைக் கொண்டே மீண்டும் வண்ணம் தீட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்து, 'உனக்கு எது நல்லது என்பதை நான் அறிவேன்' என்று நினைப்பது மேலை நாட்டாருக்கு மட்டுமே உரிய குணம் அன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆற்றங்கரையில் நிற்கும் நகர மண்டபத்தில்தான் தேசிய நூலகம் இருந்தது. 1992 ஆகஸ்டு 25 இரவு தீக்குண்டுகள் விழுந்து, இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. அக்கட்டடம் 2014இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. முற்றுகை தொடங்கி இருபது ஆண்டுகள் ஆனதை நினைவுகூர, 2012 ஏப்ரலில் இந்நகரத்தின் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்தார்கள். முற்றுகையில் மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவற்றில் 643 நாற்காலிகள் சிறியவை, குழந்தைகளுக்கானவை.

வெளியார் வரவில்லையா என்றால், வந்தார்கள். நீலத் தலைக்கவசம் அணிந்த ஐ.நா. படை வந்தது. அதன் முதல் தளபதி நம் இந்தியத் தரைப்படையின் சதீஷ் நம்பியார். ஆனால் போரிடும் அதிகாரம் அப்படைக்கு வழங்கப்படவில்லை. சோற்று மூட்டைகளைப் பாதுகாக்கும் அதிகாரமே இருந்தது. அதற்கு முன்பே, 1991 செப்டம்பரில், ஐ.நா. பாதுகாப்பு மன்றம் யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்திருந்தது. கேட்பதற்கு நடுநிலை போல் தோன்றும். பழைய நாட்டின் இராணுவக் கிடங்குகள் செர்பியர் தரப்பிடம் சிக்கியிருக்க, வெறுங்கையோடு நின்றவருக்கு மட்டுமே அத்தடை விலங்காயிற்று.

அதன் முடிவைக் காண கிழக்கே போக வேண்டும். ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் 'பாதுகாப்புப் பகுதி' என்று பாதுகாப்பு மன்றம் அறிவித்தது. அந்த வாக்கை நம்பி ஆயிரமாயிரம் பேர் அங்கே ஒதுங்கினார்கள். 1995 ஜூலை 11 அன்று செர்பியப் படைகள் நுழைந்தபோது, காவலுக்கு நின்ற டச்சு வீரர்கள் தடுக்கவில்லை. அடுத்த சில நாட்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அருகிலுள்ள பொத்தொச்சாரியில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கபர்கள் வெண்கல் நட்டுப் பரந்து கிடக்கின்றன. கொன்றவர்கள் தடயத்தை மறைக்க எந்திரங்களால் குழிகளைத் தோண்டி உடல்களை இடம் மாற்றியதால், ஒரே மனிதரின் எலும்புகள் பல இடங்களில் கிடைத்தன. கிடைத்தவற்றை மரபணுச் சோதனையால் இனங்கண்டு, ஆண்டுதோறும் ஜூலை 11இல் ஜனாஸா தொழுகை நடத்தி அடக்கம் செய்கிறார்கள். மகனின் சில எலும்புகளை மட்டும் அடக்கம் செய்வதா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்று தாய்மார்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாய்மார்களின் முன் நின்றுகொண்டு 'அந்நியத் தலையீடே கூடாது' என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆகஸ்டு 28இல் சரயேவோ சந்தையில் விழுந்த குண்டு 43 பேரைக் கொன்ற பிறகுதான் நேட்டோ விமானங்கள் செர்பியப் படை நிலைகளைத் தாக்கின. சில வாரங்களில் போர் நின்றது. மூன்றரை ஆண்டுகளாக முடியாது என்றவர்கள் மூன்று வாரங்களில் முடித்துக் காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தான பின்பு!

சமாதானம் பேசப்பட்ட இடம் சரயேவோ அன்று. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகர் அருகேயுள்ள ஒரு விமானப்படைத் தளம். 1995 நவம்பரில் மூன்று வார காலம் போஸ்னியாவின் அலியா இஸ்ஸத்பெகோவிச்சும், குரோஷியாவின் டுஜ்மனும், செர்பியாவின் மிலோசெவிச்சும் அங்கே அடைக்கப்பட்டதுபோல் அமர்த்தப்பட்டார்கள். அந்த உடன்படிக்கையின் நான்காவது பின்னிணைப்பே இன்றுவரை போஸ்னியாவின் அரசியல் சாசனம். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டின் சாசனம், ஒரு போர்நிறுத்தப் பத்திரத்தின் பின்னிணைப்பாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மக்களின் வாக்குக்கு விடப்படவில்லை.

அதில் என்ன இருந்தது? நாடு ஒன்று, உள்ளே ஆட்சிப் பகுதிகள் இரண்டு. முஸ்லிம்களும் குரோஷியர்களும் மிகுந்த கூட்டமைப்புக்கு நிலத்தில் 51 விழுக்காடு, செர்பியக் குடியரசுக்கு 49. கூட்டமைப்புக்குள் மீண்டும் பத்து மாகாணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சரவை. நாட்டின் தலைமைப் பதவியில் மூவர்: முஸ்லிம்களான போஸ்னியாக் ஒருவர், குரோஷியர் ஒருவர், செர்பியர் ஒருவர், எட்டு மாதங்களுக்கு ஒருமுறை தலைமை மாறும். இம்மூன்றில் எதிலும் சேராதவர்? அவருக்கு அப்பதவியில் போட்டியிடும் உரிமையே கிடையாது. ரோமா இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும் தொடுத்த வழக்கில், இது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதன்பின் பல தேர்தல்கள் வந்து போயின. சாசனத்தின் அந்த வரி மாறவில்லை. ஸ்ரெப்ரெனிட்சாவோ செர்பியக் குடியரசின் எல்லைக்குள் விடப்பட்டது. தம் வீட்டுக்குத் திரும்பி வந்த விதவைகள் அந்த ஆட்சியின் கீழ்தான் வாழ வேண்டியதாயிற்று.

குறை மட்டும் சொல்வது நீதியாகாது. போருக்குப் பின் ஊர்விட்டு ஊர் செல்ல மக்கள் அஞ்சினார்கள். காரணம், வண்டியின் எண் பலகையே ஓட்டுபவர் எந்தத் தரப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும். 1998இல் வெளியார் கொண்டுவந்த புதிய பலகைகளில், லத்தீன் எழுத்திலும் சிரிலிக் எழுத்திலும் ஒரே வடிவுடைய ஏழு எழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. ஊர்ப் பெயரும் கிடையாது. ஒரு தகரத் துண்டை மாற்றியதனால் சாலைகள் திறந்துகொண்டன! பறிபோன ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகள் உரியவர்களிடம் திரும்பின. ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட படைகள் 2006 அளவில் ஒரே இராணுவமாயின. கராஜிச்சும் மிலாடிச்சும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார்கள். இவற்றையெல்லாம் உள்ளூர் அரசியல்வாதிகளிடம் விட்டிருந்தால் நடந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் நோயாளிக்குப் பிடித்த ஊன்றுகோல் எத்தனை காலம்? நாட்டை மேற்பார்க்க 'உயர் பிரதிநிதி' என்று ஒரு வெளிநாட்டவர் அமர்த்தப்பட்டார். 1997 டிசம்பரில், தாமே சட்டம் இயற்றவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பதவி நீக்கவும் அவருக்கு அதிகாரம் கிடைத்தது. நாட்டின் கொடியைக்கூட 1998இல் அவரே முடிவு செய்தார், நாடாளுமன்றத்தால் முடியவில்லை. தேசிய கீதத்துக்கு இசை உண்டு, ஒப்புக்கொள்ளப்பட்ட சொற்கள் இல்லை. மத்திய வங்கியின் முதல் ஆளுநர் அந்நாட்டவராக இருக்கக் கூடாது என்று சாசனமே கூறிற்று. 2004 ஜூன் 30 அன்று, அப்போதைய உயர் பிரதிநிதியான பிரிட்டிஷ்காரர் பேடி ஆஷ்டவுன் ஒரே நாளில் செர்பியக் குடியரசின் ஏறத்தாழ 60 அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் வீட்டுக்கு அனுப்பினார். அவர்களில் பலர் நல்லவர்கள் அல்லர் என்றே வைத்துக்கொள்வோம். எனினும் வாக்களித்தவனின் மனத்தில் என்ன பதியும்? கடினமான முடிவுகளை வெளிநாட்டுக்காரர் எடுப்பார். நாம் இனவெறி பேசி ஓட்டு வாங்கினால் போதும் என்று தலைவர்கள் கற்றுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் ஆகியும், 2025இல் அந்த அலுவலகம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் முடிவுகளை மதிக்க மறுத்த குற்றத்துக்காகச் செர்பியக் குடியரசின் தலைவர் டோடிக் அவ்வாண்டு தண்டிக்கப்பட்டுப் பதவி இழந்தார்.

சரயேவோவிலிருந்து தென்மேற்கே இறங்கினால், பச்சை நிற நெரெத்வா ஆறு வழித்துணையாக வரும். இரயிலிலேயே போங்கள், கண்ணுக்கு விருந்து. இரண்டு மணி நேரப் பயணத்தில் மோஸ்தார். அருகே ப்லாகாய் என்ற சிற்றூரில் குகையிலிருந்து பாய்ந்து வரும் ஊற்றின் ஓரம் பழைய 'தெக்கியா' ஒன்று இருக்கிறது. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் 'தைக்கா' என்கிறோமே, அதே சொல்தான்.

'மோஸ்த்' என்றால் பாலம். சுல்தான் சுலைமானின் ஆணைப்படி, மாமேதை சினானின் மாணவர் ஹைருத்தீன் 1566இல் கட்டி முடித்த ஒற்றை வளைவுக் கற்பாலம், 427 ஆண்டுகள் நின்றது. முதலில் முஸ்லிம்களின் தோழர்களாக நின்ற குரோஷியப் படையினர், பிறகு பகைவர்களாகி, 1993 நவம்பர் 9 அன்று அதைக் குண்டு வீசி ஆற்றில் வீழ்த்தினர். போருக்குப் பின் ஹங்கேரி இராணுவத்தின் மூழ்குவீரர்கள் ஆற்றிலிருந்து கற்களை எடுத்தார்கள். உலக வங்கி பணம் திரட்டியது, யுனெஸ்கோ மேற்பார்த்தது, துருக்கி நிறுவனம் கட்டியது. அதே பாறை வகை, அதே பழைய முறை. 2004 ஜூலை 23 அன்று பாலம் திறக்கப்பட்டது. இன்று அதன் மீது நின்றால் புதியதென்று சொல்ல மாட்டீர்கள். கோடையில் இளைஞர்கள் அதன் உச்சியிலிருந்து ஆற்றில் பாய்கிறார்கள்.

இந்நகரத்தை ஒன்றாக்க ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் ஜெர்மானியர் ஹான்ஸ் கோஷ்னிக்கை நிருவாகியாக அனுப்பியது. 1996இல் குரோஷியக் கும்பல் அவர் காரைச் சூழ்ந்து தாக்கியது. அவர் விலகிப் போனார். பாலம் திறந்த அதே 2004இல் உயர் பிரதிநிதி நகருக்கு ஒரு புதிய சாசனம் விதித்தார். அதன் தேர்தல் விதிகளில் சிலவற்றை 2010இல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதென்றது. மாற்று விதியில் கட்சிகள் உடன்படவில்லை. 2008க்குப் பின் 2020 டிசம்பர் வரை, பன்னிரண்டு ஆண்டுகள், மோஸ்தார் மக்கள் தம் நகரமன்றத்துக்கு வாக்களிக்கவே இல்லை. குப்பை மட்டும் தவறாமல் சேர்ந்தது!

பாலத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், ஸ்பானியச் சதுக்கத்தின் ஓரம் ஆஸ்திரியர் காலத்தில் மூரிஷ் பாணியில் கட்டிய பழைய உயர்நிலைப் பள்ளியைக் காண்பீர்கள். கட்டடம் ஒன்று, பாடத்திட்டம் இரண்டு. போஸ்னியாக் பிள்ளைகள் ஒரு வரலாறும், குரோஷியப் பிள்ளைகள் வேறொரு வரலாறும் படிக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே புரியும். 'ஒரே கூரையின் கீழ் இரு பள்ளிகள்' என்று பெயர் பெற்ற இந்த முறை, போருக்குப் பின் ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கத் தற்காலிக ஏற்பாடாக வெளியாரின் ஒப்புதலோடு தொடங்கியது. தற்காலிகம் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டது. சில ஊர்களில் பிள்ளைகளுக்கு வாசலும் வேறு, வேளையும் வேறு.

திரும்பும் வழியில், ஒரு காலத்தில் வஸீர்கள் வீற்றிருந்த திராவ்னிக்கில் வண்ணப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, யாய்ட்சே வரை போய் வாருங்கள். ஊரின் நடுவிலேயே ப்லீவா ஆறு அருவியாக விழுந்து வ்ர்பாஸ் ஆற்றில் கலக்கிறது. 1943 நவம்பரில் யூகோஸ்லாவியக் கூட்டாட்சி இந்த ஊரில்தான் பிரகடனம் செய்யப்பட்டது. இங்கே போஸ்னியாக், குரோஷிய மாணவர்கள் ஒன்றாகப் படித்துவந்தார்கள். 2016இல், போஸ்னியாக் மாணவர்களுக்கெனத் தனி மேல்நிலைப் பள்ளி திறக்கும் திட்டம் எழுந்தது. நம் பிள்ளைகளுக்கு நம் பாடம் வேண்டாமா என்று நீங்களும் நானும்கூடக் கேட்டிருப்போம். அந்தப் பிள்ளைகளோ, இருதரப்பினரும் சேர்ந்து, வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். எந்த உயர் பிரதிநிதியும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் ஓயவில்லை, பக்கத்து நகரங்களுக்கும் போய்ப் பேசினார்கள். 2017 ஜூனில் மாகாண அரசு அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு அவர்களுக்கு விருதளித்தபோது, அவர்களில் சிலர் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டிருந்தார்கள்.